தொடாதே!

கண்ணாடிப் பேழை ஒன்று. பேழைக்குள்ளே, சாணளவும் இல்லாத அலுமினியப் பெட்டி ஒன்று. பெட்டியின் நெற்றியிலே குங்குமம், தோளிலே மல்லிகைச் சரம், காலடியிலே எலுமிச்சங்கனி. பேழையின் முகப்பிலே ஒரு பலகை. பலகையிலே செவ்வெழுத்தில் ஒரே ஒரு சொல்: தொடாதே!

கோயிற் கருவறையைக் கூறுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! கல்லூரி ஒன்றின் விஞ்ஞானக் கண்காட்சியைக் கூறுகிறேன். தங்கள் மாணவர்கள் விண்ணுக்கு அனுப்பப் போகும் செயற்கைக்கோள் என்று சொல்லி, அதன் மாதிரியை அவ்வாறு அலங்கரித்து வைத்திருந்தார்கள். நான் பணியாற்றும் பள்ளியிலிருந்து பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரை அழைத்துச் சென்றிருந்தேன். கோழி கூவும்முன் எழுந்து, பழைய சோற்றைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்த பிள்ளைகள்.

அவர்களிலே ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு மாணவி. தந்தை பம்புசெட்டு பழுது பார்ப்பவர். வீட்டு வாசலிலே நாள்தோறும் மோட்டாரைப் பிரித்துப் போடுவதையும் காயிலைக் கட்டுவதையும் கண்டு வளர்ந்தவள். பேழைமுன் நின்றாள், குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து கேட்டாள்.

"அண்ணா, இதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவீர்களா?"

காவல் நின்ற கல்லூரி மாணவர் சிரித்தார். "திறக்கக் கூடாது."

"வரைபடமாவது காட்டுவீர்களா?"

"அது எங்கள் அறிவுச் சொத்து. வெளியாருக்குக் கொடுப்பதில்லை."

அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது.

தொடாதே! இந்தச் சொல் நமக்குப் புதிதா? குளத்தங்கரையிலே சொன்னார்கள். கோயில் வாயிலிலே சொன்னார்கள். ஏட்டிலே எழுதி, அந்த ஏட்டையும் நம் கண்ணில் படாமல் மறைத்து வைத்துச் சொன்னார்கள். பாட்டன் காலத்திலே வேதம். பேத்தி காலத்திலே வரைபடம். மார்பிலே பூணூல் தொங்கிய இடத்தில் இன்று கழுத்திலே அடையாள அட்டை தொங்குகிறது. பூட்டு புதிது, சாவி புதிது; சொல் மட்டும் பழைய சொல்!

மிகைப்படுத்துகிறான் இளைஞன் என்பீர்கள். அந்தக் கல்லூரி மாணவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நல்ல பிள்ளை, வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்களோடுதான் எனக்கு வழக்கு.

வழக்கின் முதற் கேள்வி இது: அந்தப் பெட்டி யாருடைய சொத்து?

நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லன். வரலாறு படித்துக் கலைப்பட்டம் பெற்றவன். ஆகவே வரலாற்றிலேயே தேடினேன். பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து அகலம், பத்து உயரம் என்ற அந்த அளவு 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே இரு பேராசிரியர்கள் வகுத்த அளவு. ஒருவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பாப் டுவிக்ஸ்; மற்றவர் கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரி. மாணவர்கள் தம் படிப்புக் காலத்திற்குள்ளேயே ஒரு கோளைக் கட்டி முடிக்க வேண்டும். பெரிய கோள்கள் ஏறும் ஏவுகணையிலே ஒரு மூலையில் அதை வைத்து அனுப்ப வேண்டும். இதுதான் அவர்கள் எண்ணம். கடையிலே பொம்மை வைத்து விற்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கண்டுதான் டுவிக்ஸுக்கு அந்த வடிவம் தோன்றிற்றாம்! யாகத்தீயிலே தோன்றவில்லை, பொம்மைக் கடையிலே தோன்றியது.

வகுத்தவர்கள் அதற்குப் பூட்டுப் போட்டார்களா? இல்லை. அளவையும் விதியையும் அச்சிட்டு, வேண்டுவோர் எடுத்துக்கொள்க என்று உலகின்முன் வைத்தார்கள். 2003 ஜூன் 30 அன்று இரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து அவ்வகைக் கோள்கள் முதன்முறையாகக் கூட்டமாக ஏறின. அவற்றுள் தோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஒன்று பல்லாண்டுகள் பேசிக்கொண்டே சுற்றியது. திறந்து வைத்ததனால் அல்லவா கலிபோர்னியாவின் பெட்டி தோக்கியோவுக்குப் போயிற்று? திறந்து வைத்ததனால் அல்லவா நம்மூர்க் கல்லூரிக்கும் வந்தது? வந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, அதன்மேல் குங்குமத்தை அப்பி, "எங்கள் சொத்து, தொடாதே!" என்று எழுதி வைப்பது என்ன நியாயம்? அடுத்த வீட்டு விளக்கிலே திரி பற்றவைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவனை ஊரார் என்னவென்று அழைப்பார்கள்?

இன்னும் பின்னே போவோம். 1961 டிசம்பர் 12. மனிதன் விண்ணிலே செயற்கைக்கோள் விட்டு நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. வல்லரசுகள் இரண்டும் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நாள்கள். அப்போது கலிபோர்னியாவிலே பொழுதுபோக்கு வானொலியாளர்கள் சிலர் வீட்டுக் கொட்டகையிலும் அடித்தளத்து அறையிலும் உட்கார்ந்து ஆஸ்கர்-1 என்ற சிறு கோளைச் செய்து, பெரிய ஏவுகணையிலே எடைக்கட்டிக்குப் பதிலாக ஏற்றி அனுப்பினார்கள். ஏவுகணையிலிருந்து அதை உந்தித் தள்ளிய சுருள்வில், கடையிலே ஒரு டாலர் சொச்சத்துக்கு வாங்கியது! அந்தக் கோள் மூன்று வாரம் அளவுக்கு ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு சுற்றியது. மோர்ஸ் குறிப்பிலே "ஹாய்" என்ற வணக்கச் சொல். அந்த வணக்கத்தை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தே கேட்டார்கள். கேட்டதை எழுதி அனுப்பினார்கள். முதன்முதலாகப் பொதுமக்கள் செய்த கோள் மக்களுக்குச் சொன்ன சொல் வணக்கம். நம் கல்லூரிக் கோள் நம் பெண்ணுக்குச் சொன்ன சொல்? மேலே எழுதிவிட்டேன்.

இனி, நெஞ்சை அள்ளும் செய்தி ஒன்று. கிரேக்க நாட்டுச் செய்தி.

கடனிலே மூழ்கியிருந்த காலம் அந்த நாட்டுக்கு. அப்போது ஏதென்ஸ் நகரிலே இளைஞர்கள் சிலர், கூட்டாகக் கருவி வாங்கிக் கூட்டாக வேலை செய்யும் பட்டறை ஒன்றிலே கூடினார்கள். 2014-இலே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். வானிலே போகும் கோள்களின் குரலைக் கேட்பதற்கு எவரும் தம் வீட்டு மாடியிலே அமைத்துக்கொள்ளத்தக்க மலிவான நிலையம். அந்த நிலையங்கள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த வலை. வலையிலே விழும் செய்தியெல்லாம் பொதுச்சொத்து. சாட்நாக்ஸ் என்பது அதன் பெயர். அவ்வாண்டே அமெரிக்கப் போட்டி ஒன்றில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. பரிசு என்ன தெரியுமா? விண்வெளிக்கு ஒரு பயணம். வேண்டாமென்றால் 1,96,418 டாலர் பணம். தோழர்களே, உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் பயணத்தைத்தான் கேட்டிருப்பேன், ஒளிப்பானேன்? அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் விண்ணைப் பார்த்துவிட்டு வருவதைவிட, பலர் விண்ணைத் தொடுவதற்கு வழி செய்வோம் என்று, அப்பணத்தைக் கொண்டு லிப்ரே ஸ்பேஸ் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை நிறுவினார்கள்.

அந்த அறக்கட்டளையும் பட்ராஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த கோள்தான் யுபிசாட். ஒரு பெட்டியின்மேல் மற்றொரு பெட்டி வைத்தாற்போன்ற இரட்டைப் பெட்டி. எடை இரண்டு கிலோ அளவு. 2017 ஏப்ரலில் ஏவுகணை ஏறிப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்தது. மே 18 அன்று அங்கிருந்து விடுவிக்கப்பட்டது. மேல் வளிமண்டலத்தை ஆராய்வதற்காகப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடி அனுப்பிய கூட்டத்திலே அதுவும் ஒன்று. 2018 நவம்பர் 13 அன்று காற்றிலே எரிந்து மறைந்தது. பதினெட்டுத் திங்கள் வாழ்க்கை.

எரிந்தது பெட்டி. எரியாதது எது? அதன் சட்டத்தின் அளவு, மின்சுற்றுப் பலகையின் படம், கணிப்பொறிக்கு எழுதிய நிரல், எல்லாம் இன்றும் திறந்து கிடக்கின்றன. திறந்த மூலம் என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஒரே ஒரு கட்டளை: திருத்தியதைப் பரப்புகிறாயா, அதையும் திறந்தே வை! நான் படித்த ஒப்பந்தங்களிலே கண்ணியமானது இதுதான். நில ஒப்பந்தங்கள் பல படித்திருக்கிறேன். வரலாறு அல்லவா படித்தேன்.

கண்காட்சிக்குப் போய் வந்த மறுவாரம், பள்ளியின் கணிப்பொறியிலே அந்தக் கிரேக்கப் படங்களை எடுத்துப் பிள்ளைகள்முன் விரித்தேன். எனக்குப் பாதி விளங்கவில்லை. அறிவியல் ஆசிரியரை அழைத்தேன். அவருக்குக் கால்வாசி விளங்கவில்லை. அந்தப் பெண் மட்டும் விரலை வைத்துக் காட்டினாள்: "இது மின்கலம், இந்தக் கோடு சூரியத் தகட்டிலிருந்து வருகிறது, இடையிலே இருப்பது, மின்சாரம் மிஞ்சிப் போகாமல் தடுப்பது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருக்கிறது." ஏதென்ஸிலே எவனோ ஓர் இளைஞன் வரைந்த கோட்டின்மீது நம் பம்புசெட்டுக்காரர் மகளின் விரல் ஓடியது. நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்லூரி தராததை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏதென்ஸ் தந்தது.

"அதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் விளையாட்டு, கஞ்சிக்கு வழியற்றவனுக்குக் கோள் எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் நம் வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். கஞ்சி முதலில்; மறுப்பவன் மனிதனல்லன். ஆனால் கணக்கைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக மாணவர்கள் 2022 மே 25 அன்று ஸ்பட்னிக் என்ற கோளை அனுப்பினார்கள். பழைய சோவியத் ஸ்புட்னிக்கைக் கேலியாக நினைவூட்டும் பெயர். கட்டிய செலவு 10,000 டாலருக்கும் குறைவு. அன்றைய மதிப்பிலே ஏறத்தாழ எட்டு இலட்சம் ரூபாய். ஏவும் செலவு தனி. அதை நான் மறைக்கவில்லை. கோளின் மூளை, இருபது டாலருக்குக் கடையிலே கிடைத்த ஆர்டுயினோ பலகை. கோளின் உயிர், கைவிளக்கிலே போடுகிறோமே, அந்த அளவிலான லித்தியம் பேட்டரி நாற்பத்தெட்டு! பொறியியல் மாணவர் மட்டுமா செய்தனர்? பொருளாதாரம் படித்தவர், பன்னாட்டு உறவு படித்தவர், சிற்பம் பயின்றவர் எல்லாரும் சேர்ந்து செய்தனர். கலைப்பட்டதாரியாகிய எனக்கு அதைப் படித்தபோது உண்டான களிப்பைச் சொல்லத் தேவையில்லை. செய்முறையையும் திறந்து வைத்தனர்.

அதைவிட ஒன்று. விண்ணிலே செத்த கோள்கள் குப்பையாய்ச் சுற்றுகின்றன; மாணவர் கோள்களும் அந்தக் குப்பையைக் கூட்டத்தான் போகின்றன என்பது நியாயமான குற்றச்சாட்டு. அந்த மாணவர்கள் அதற்கும் விடை வைத்தார்கள். கோளின் வாலிலே மெல்லிய பாலிமைடு ஏட்டால் ஒரு பாய். விண்ணை அடைந்ததும் பாய் விரிந்தது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலேயும் இலேசாகக் காற்று உண்டு. அந்தக் காற்று பாயைத் தடுக்க, கோள் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பல்லாண்டுகள் சுற்றியிருக்க வேண்டிய பெட்டி 2023 ஆகஸ்டிலேயே எரிந்து தீர்ந்தது. கோடிக்கணக்கில் செலவிடும் கம்பெனிகளுக்குச் சிற்பக்கலை மாணவர் கூட்டம் துப்புரவுப் பாடம் நடத்திவிட்டது!

எட்டு இலட்சம்! ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கு நாம் வைக்கும் பதாகைகளை நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ண அஞ்சுகிறேன்.

அடுத்து, எலுமிச்சங்கனிக்கு வருகிறேன். விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

கல்லூரி என்ன செய்யும், பெரியவர்கள் வழிகாட்டுகிறார்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுமுன் அதன் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வணங்கினார்கள். தனி மனிதரின் வழிபாடு அவரவர் உரிமை. ஆனால் கலத்தின் மாதிரி யாருடைய வழிபாட்டுப் பொருள்? அது இருக்கட்டும். ஒரு சோதனையைச் சொல்கிறேன். பஞ்சாங்கக்காரர்கள் விடை சொல்லட்டும்.

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.18. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறு ஏவுகணை முதன்முறை எழுந்தது. அதிலே ஆசாதிசாட் என்ற எட்டுக் கிலோக் கோள். நாடெங்கும் 75 பள்ளிகளின் 750 மாணவியர் கைபட்ட கோள். மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அவர்களில் உண்டு. ஞாயிறன்று ராகுகாலம் மாலை நாலரைக்கு, எமகண்டம் நண்பகலுக்கு. காலை 9.18 குற்றமற்ற வேளை! ஆயினும் என்ன ஆயிற்று? 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாய்ச் சுற்ற வேண்டிய கோள், ஒருபுறம் 76 கிலோமீட்டர்வரை தாழ்ந்த பாதையில் விழுந்தது. அந்தத் தாழ்வில் காற்று விடுமா? போயிற்று. இரண்டாம் கட்டம் பிரிந்த நொடியிலே உண்டான அதிர்வு, வேக மாற்றத்தை உணரும் கருவிகளைச் சிறிது நேரம் திகைக்க வைத்தது. கருவிகள் பழுதென்று கணிப்பொறி முடிவு கட்டி மாற்றுவழியில் இறங்கியது. இஸ்ரோவே ஆராய்ந்து வெளியிட்ட காரணம் இது.

ஆறு திங்கள் கழித்து, 2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. மறுபடியும் அதே ஏவுகணை வகை. மறுபடியும் மாணவியர் செய்த ஆசாதிசாட்-2. நேரம்? அதே 9.18! இம்முறை கோள் உரிய பாதையை அடைந்தது. வேளை மாறவில்லை, தளம் மாறவில்லை. மாறியது பிரிக்கும் பொறியும், பழுதை முடிவுகட்டும் கணக்கும். 750 பெண்களின் உழைப்பை மண்ணாக்கியது சனியும் அன்று, மீட்டது எலுமிச்சையும் அன்று.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். தோல்வியின் காரணத்தை இஸ்ரோ ஊரறியச் சொன்னது. நாட்டின் பெரிய நிறுவனம் தன் தோல்வியைத் திறந்து காட்டுகிறது. கோள் ஏறுமுன்னரே ஒரு கல்லூரி மின்கலத்தின் எண்ணிக்கையைப் பூட்டி வைக்கிறது!

"திறந்து வைத்தால் பகைவன் திருடமாட்டானா?" என்று ஒரு குரல். ஏவுகணையின் வரைபடத்தையா கேட்டோம்? அதற்குப் பூட்டு வேண்டும், ஐயமில்லை. நாங்கள் கேட்பது சூரியத் தகடும் வானொலியும் கடைச்சரக்குக் கணிப்பொறியும் கொண்ட பெட்டியின் படம். அதைவிட நல்ல படம் கிரீஸ் நாட்டிலே இலவசமாகக் கிடைக்கும்போது, இதைத் திருடப் பகைவன் பேருந்து ஏறி வருவானா? பூட்டுவது பகைவனுக்கு அஞ்சி அன்று, கேள்விக்கு அஞ்சி. திறந்தால், எந்தப் பாகம் மாணவர் செய்தது, எது விலைக்கு வாங்கியது என்று தெரிந்துவிடும். வாங்குவது குற்றமில்லை. வாங்கியதைச் செய்ததாகக் காட்டுவதுதான் குற்றம்.

நம்மவர் மீதும் எனக்குக் குறை உண்டு. 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து 64 கிராம் எடையுள்ள கலாம்சாட் பறந்தது. தமிழ் இளைஞரின் தலைமையில் உருவானது; அச்சிட்டு எடுத்த கூட்டுக்குள்ளே உணரிகளை அடக்கிய அருமையான வேலை. ஆனால் அது ஏறியது ஆய்வு ஏவுகணையில். பூமியைச் சுற்றவில்லை, மேலே சென்று திரும்பியது. "உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள்!" என்று ஏடுகள் தலைப்பிட்டன, நம் தோழர்கள் பலரும் அப்படியே பகிர்ந்தார்கள். சுற்றியதா என்று எவரும் கேட்கவில்லை. செய்தவரை மேதையாக்கி மேடையேற்றி மாலையிட்டோம். அதற்குள் எந்த உணரி இருந்தது, எப்படி இணைத்தார் என்று கேட்டறிந்து பத்துப் பள்ளிகளுக்குப் பரப்பினோமா? மாலை போடுவதும் ஒருவகைத் "தொடாதே" தான். மாலை விழுந்தவன் சிலையாகிவிடுகிறான். சிலையை யார் கேள்வி கேட்பார்?

ஆகவே, பகுத்தறிவு மன்றங்களிலே பேசும் நண்பர்கள் ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பொதுப்பணம் ஒரு ரூபாய் சேர்ந்தாலும், பொது ஏவுகணையிலே ஓர் அங்குல இடம் பெற்றாலும், அந்த மாணவர் கோளின் வரைபடம், நிரல், செலவுக் கணக்கு, தோல்வியானால் அதன் காரணம் ஆகியவை தமிழிலே, எந்தப் பள்ளியும் எடுத்துப் படிக்கும்படி திறந்து கிடக்க வேண்டும். தமிழிலே என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலத்திலே திறந்து வைப்பது பாதிக் கதவைத் திறப்பது.

அந்தக் கல்லூரிக்கு நான் எழுதிய முதற் கடிதத்துக்கு மறுமொழி இல்லை. இரண்டாவதற்கு ஒரு வரி வந்தது: பரிசீலனையில் உள்ளது. மூன்றாவது கடிதத்தைப் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள், முப்பத்தெட்டுக் கையெழுத்து. மூன்று கேள்விகள். மின்கலம் எத்தனை? வானொலி எந்த அலைவரிசையில் பேசும்? மூடியின் திருகாணி எந்த அளவு?

மூன்றாம் கேள்வி எதற்கு என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அளவு தெரிந்தால்தானே ஐயா, அடுத்த முறை எந்தத் திருப்புளியை எடுத்துக்கொண்டு போவது என்று தெரியும்?" என்றாள்.